செத்த காக்கையையும் கணக்கில் எடுங்கள்

1999 கோடையில் நியூயார்க்கில் காக்கைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அதே வாரங்களில் மனிதர்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலை ‘செயின்ட் லூயிஸ்’ வைரஸ் என்று சுகாதாரத் துறை முடிவுகட்டியிருந்தது. அந்த வைரஸ் பறவைகளைக் கொல்லாதே என்று விடாமல் கேட்டவர் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலையின் நோய்க்கூறியல் மருத்துவர் டிரேசி மெக்னமாரா. கடைசியில் அது க்யூலெக்ஸ் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. அந்த ஆண்டு 62 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். பறவைகள் பட்ட பாடு இன்னும் பெரிது. வைரஸ் நுழைந்தபின் அமெரிக்கக் காக்கைகளின் எண்ணிக்கை சில பகுதிகளில் 45 சதவீதம் வரை சரிந்ததை 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

இதே வைரஸ் நமக்குப் புதிதல்ல. இதற்கான எதிர்ப்பொருள் 1952-லேயே பம்பாய் மக்களின் ரத்தத்தில் காணப்பட்டது. 2019-இல் கேரளத்தின் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இந்த நோய்க்குப் பலியானான். இதன் உறவுக்கார வைரஸான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூர் வட்டாரத்தில்தான். சென்னையை ஒட்டிய நம் தாம்பரத்துக்கு இதில் என்ன சம்பந்தம்? க்யூலெக்ஸ் இனத்தில் ஊரெங்கும் காணும் வகை, சாக்கடைத் தண்ணீரில் செழிப்பது. இங்குள்ள செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில் கழிவுநீர் கலப்பது பல ஆண்டுப் புகார். கொஞ்ச தூரத்தில், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022-இல் பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. கொசுவும் பறவையும் மனிதர்களும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில், செத்த பறவை ஒரு தகவல். அதைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவது தகவலைத் தொலைப்பதாகும்.

வெஸ்ட் நைல் ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா அடங்கிய பழைய உலகத்து வைரஸ், நம் பறவைகள் அதற்குப் பழகிவிட்டன, அதனால் அமெரிக்கா போல் இங்கே நடக்காது என்று ஒரு வாதம் உண்டு. வலுவான வாதம்தான், அந்த அளவு சாவை நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பறவை சாகாவிட்டால் வைரஸ் இல்லை என்றாகிவிடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொக்கும் மடையானும் நோயின் அடையாளமே இல்லாமல் சுமக்கின்றன. அதனால் செத்த பறவையோடு, பிடித்த கொசுவையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. பழைய உலகத்திலும் திடீர்ச் சாவு வரலாம் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி: ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட உசுட்டு வைரஸ் 2001-இல் வியன்னாவில் கரும்பறவைகளைக் கூட்டமாகக் கொன்றது.

இப்படிப் பேசினால் மக்கள் கொக்கு கூடு கட்டும் மரங்களை வெட்டிவிடுவார்களே என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் கொக்கைத் தொட்டு வருவதல்ல இந்த நோய். கொசு கடித்து வருவது. மரத்தை வெட்டினால் பறவை வேறு மரத்துக்குப் போகும், கொசு நம் தெருவிலேயே இருக்கும். புகை அடிப்பதும் பறக்கும் கொசுவைக் கொஞ்ச நேரம் அடக்குமே தவிர, சாக்கடையில் நெளியும் புழுவைத் தொடாது. செலவுக்குப் பணம் ஏது என்பார்கள். கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது, வண்டலூரில் வன உயிரின ஆய்வு மையம் இருக்கிறது. பறவைகள் கூட்டமாகச் செத்தால் பறவைக் காய்ச்சலுக்கு மாதிரி எடுக்கும் நடைமுறையும் இருக்கிறது. அதே மாதிரியில் கொசு வழி வைரஸையும் தேடச் சொல்வதுதான் புதிது. 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, செத்த பறவையைப் பற்றித் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்து, ஏரிக்குள் வரும் கழிவுநீர்க் குழாய்களை அடைக்கும் வேலையையும் கூடவே தொடங்கட்டும்.