யார் அந்த ஜீவா?

எழுத்தாளர் சுஜாதா என்றதும் ஸ்ரீரங்கத்துக்காரர்களின் நினைவுக்கு வருவது 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. தங்கள் ஊர் வீதிகளை அதில் கண்டு மகிழ்கிறார்கள். அவரே எழுதிய விஞ்ஞானக் கதைகளையோ, "வெறும் பொழுதுபோக்கு" என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. இது நியாயமா?

பாட்டியின் பராமரிப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் சுஜாதா. திருச்சி ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பிறகு என்ஜினீயராகிப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆகவே, இயந்திரம் அறியாதவர் கட்டிய கற்பனையல்ல, 'என் இனிய இயந்திரா'.

பேசும் நாய்

1980-களில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த கதை அது. ஜீவா என்பவர் நாட்டை ஆளுகிறார். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயருக்கு இரண்டே எழுத்து. காணாமற்போன கணவன் சிபியைத் தேடி அலைகிறாள் நிலா. அவளுக்குத் துணை, ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், சிந்திக்கும். கடைசியில் தெரிகிறது உண்மை: மக்கள் வணங்கிய ஜீவா மனிதனே அல்ல, ஒளியால் ஆன வெறும் பிம்பம்!

கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். அந்த ஆண்டுகள் வந்து போய்விட்டன. "வீட்டுக்கு வீடு ஜீனோ வரவில்லையே, கதை பொய்த்துவிட்டதே!" என்பார் சிலர். விஞ்ஞானக் கதை என்ன, பஞ்சாங்கமா? பலித்ததா என்று பார்ப்பதற்கு!

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது, செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் வெளியிட்ட நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆக, தொடக்கத்திலிருந்தே அங்கே பேசப்பட்டது மனிதன் மனிதனை நடத்தும் விதம்தான்.

வேதாளம் காட்டிய வழி

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம் கதை சொன்னதோடு நின்றதா? ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டது. எது நீதி என்று அரசனையே யோசிக்க வைத்தது. மாயாஜாலம் தூண்டில், கேள்விதான் மீன்.

அந்தக் கேள்வி இல்லாமல், பறக்கும் வாகனமும் ஒளித் துப்பாக்கியும் மட்டும் நிறைந்த கதைகள் எத்தனையோ! அவை வாணவேடிக்கை போல. பார்த்த மறுகணமே மறந்துவிடும்.

ஜீனோ கதையில் குறையே இல்லையா? உண்டு. வாரந்தோறும் ஒரு திருப்பம் வேண்டும் என்ற தொடர்கதை அவசரம் சில இடங்களில் தெரிகிறது. ஆனால் அது எழுப்பும் கேள்வி பழுதுபடவில்லை: கண்ணால் காணும் பிம்பத்தை நம்பி, பின்னாலிருந்து ஆட்டுவிப்பவனை மறந்துவிடலாமா?

இல்லாத மனிதரைப் பேச வைக்கும் படங்களைக் கைப்பேசியிலேயே செய்துவிடும் காலம் இது. பள்ளிப் பிள்ளைகள் ஜீனோவைக் கையில் எடுத்தால், "கதைப் புத்தகமா?" என்று பிடுங்காதீர்கள். படித்து முடித்ததும், "இன்றைக்கு யார் ஜீவா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் பெரியவர்களுக்கும் உதவும்.