பொதுச் சுகாதாரப் பட்டதாரிகளும் அவர்களுக்கான பணியிடங்களும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில் உள்ள காந்திகிராமத்தில், மருத்துவர் சௌந்தரத்தின் முயற்சியால் 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தைக் களமாகக் கொண்டு தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம், 1964இல் ஊரகச் சுகாதாரத்துக்கும் குடும்பநலத்துக்குமான பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. சுகாதாரக் கல்வி என்னும் பாடத்தை, அதாவது மக்கள் தம் நலம் குறித்த முடிவுகளைத் தாமே எடுக்கும் வகையில் அவர்களுடன் பேசிப் பழகும் முறையை, தனிப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1963இல் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் முறையைக் கைவிட்டு, வீடு தேடிச் சென்று விளக்கும் விரிவாக்க முறைக்கு நாடெங்கும் மாறியபோது, அத்தகைய பயிற்சி பெற்றவர்களுக்கென்றே வட்டார அளவில் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. படிப்பும் வேலையும் ஒன்றையொன்று எதிர்நோக்கியிருந்த காலம் அது.

அந்தப் பொருத்தம் இன்று குலைந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1997இல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பைத் தொடங்கிய பின்னர், குறிப்பாக 2006க்குப் பிறகு, அப்படிப்பு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவி, செவிலியர், பல் மருத்துவர், சித்த மருத்துவர், சமூகப்பணி படித்தவர் எனப் பலரையும் ஈர்த்துள்ளது. பட்டம் பெற்றவர்கள் தம் படிப்பை மதிப்பிடும்போது, களப்பணியையும் நோய்ப்பரவலியலையும், அதாவது நோய் யாரிடம், எங்கே, ஏன் மிகுகிறது என ஆராயும் இயலையும், பயனுள்ளவை என்று ஏற்கின்றனர்; வரவுசெலவுத் திட்டமிடல், பணியாளரை வழிநடத்துதல், அலுவலக நடைமுறை ஆகியவற்றில் பயிற்சி போதவில்லை என்றும் குறைப்படுகின்றனர்.

அக்குறை எத்துணை உண்மையானது என்பதைத் திண்டுக்கல் சமவெளியே உணர்த்தும். வேடசந்தூர் நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களின் இரத்தசோகையை அளவிட விரும்பும் ஒருவருக்கு, மாதிரி எண்ணிக்கையைக் கணக்கிடத் தெரிவதோடு, ஆலை நிர்வாகத்திடம் அனுமதி பெறவும், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத வேளையில் அப்பெண்களிடம் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட பகுதியில் பணிபுரிபவர், மருத்துவ அறிவோடு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளையும் ஊராட்சியின் அதிகாரங்களையும் அறிந்திருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் பிக்மி தளத்தில், அதாவது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எண் வழங்கித் தொடரும் கணினிப் பதிவேட்டில், அன்றாடம் ஏற்றும் விவரங்களை வாசித்து, எந்தச் சிற்றூரில் பரிசோதனை விடுபடுகிறது என்று சொல்லத் தெரியாத பட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும் ஒன்றியத்துக்குப் பயன்படாது.

எனினும், வேலைக்கு ஆயத்தமாக இருத்தல் என்பதை மாணவரின் கடமையாக மட்டுமே பேசுவது அநீதியாகும். 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய தமிழ்நாடு, இத்துறைக்கெனத் தனி இயக்ககத்தை நெடுங்காலமாகப் பேணிவருவது போற்றத்தக்கது. ஆனால் அதன் தலைமைப் பதவிகள் மருத்துவர்களுக்கே உரியவையாக இருப்பதால், மருத்துவரல்லாத பட்டதாரிகளுக்குத் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் ஒப்பந்தப் பணிகளும், நிதி தீர்ந்தால் முடிந்துவிடும் தொண்டு நிறுவனத் திட்டங்களுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. பொதுச் சுகாதார மேலாண்மைக்கென நிரந்தரப் பணித்தொகுதி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை கூறியது. அதற்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்டது. பணியிடங்களை உருவாக்குவது மாநிலங்களின் பொறுப்பு.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட பின்னர், அறுபதாண்டுக் களப் பயிற்சி மரபுடைய காந்திகிராமமும் புதிய கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. மருத்துவ மாணவரும் சுகாதாரக் கல்வி பயில்வோரும் ஆத்தூர் ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்ந்து பயிற்சி பெற இவ்விரு நிறுவனங்களும் வழிசெய்ய வேண்டும்; ஒவ்வோர் ஒன்றியத்திலும் பொதுச் சுகாதாரப் பட்டதாரி ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வழங்கும் முயற்சியை அரசு இம்மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.