நோக்கம் நல்லதானால் சொல் நல்லதாகுமா?

ஹற்றன் நகருக்கு அப்பால் ஒரு தோட்டத்து மைதானம். ஒரு புறம் தேயிலை மலை. மறு புறம் லயன் வரிசை. பந்து எல்லையைத் தாண்டிவிட்டால் கொழுந்துச் செடிகளுக்குள் புகுந்து தேடி எடுத்து வரவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அந்த மைதானத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் பிறகு உலக விவகாரத்துக்கு வருகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். கிறிக்கெட் குழுவின் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பட்டணத்துப் பாடசாலை ஒன்றின் குழு எங்களோடு விளையாட வந்திருந்தது. எங்கள் பையன் ஒருவன் அன்று ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினான். கொழுந்து பறிக்கும் தாயின் மகன்; காலில் சப்பாத்து இல்லாமல் பந்து வீசியவன். பரிசளிக்க வந்திருந்த பெரியவர் தமிழர், கல்விமான், எவர் மனத்தையும் நோகடிக்க விரும்பாதவர். பையனின் முதுகைத் தட்டிக் கொடுத்து, "தோட்டக்காட்டான் என்றாலும் நீ சிங்கக்குட்டியடா!" என்றார். கூட்டம் கைதட்டிற்று. நானும் தட்டினேன்.

மறுவாரம் பையன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அவர் நல்லெண்ணத்தோடுதானே சொன்னார், தம்பி?" என்றேன். அவன் நெடுநேரம் மௌனமாக இருந்து, "சேர், திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் புகழ்ந்தாரே, நான் என்ன செய்ய?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விளையாட்டு மைதானங்களில் இனத்தையும் நிறத்தையும் குறித்து எழுகின்ற வசைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனின் முகமே என் கண்முன் வருகிறது. ஒவ்வொரு முறையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பிலிருந்து எழும் சமாதானம் ஒன்றே: "எனக்கு அந்த நோக்கம் இருக்கவில்லை." இந்தச் சமாதானத்தின் எடை என்ன என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

முதலில் நம் நாட்டவரைத் தொட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் இலங்கை அணியுடன் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் டரன் லீமன் ரன் அவுட் ஆகி வெளியேறினார். உடைமாற்றும் அறையை அடைந்ததும் இலங்கை வீரர்களின் நிறத்தைக் குறித்து ஓர் ஆபாச வசையை உரக்கக் கூவினார். எந்த வீரரையும் பார்த்து அவர் அதைக் கூறவில்லை. ஆனால் அது இலங்கையரின் காதில் விழுந்தது. லீமன் உடனே வருந்தி மன்னிப்புக் கடிதம் எழுதினார். இலங்கை அணியினரும் அதனை ஏற்றுக்கொண்டனர். ஆயினும் சர்வதேச கிறிக்கெட் பேரவை விசாரணை நடத்தியது. மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் தலைவரான கிளைவ் லொயிட் அவருக்கு ஐந்து ஒருநாள் ஆட்டங்களுக்குத் தடை விதித்தார். இங்கே கூறப்பட்ட சமாதானம் கோபம்.

அடுத்த வழக்கு நமது கொழும்பிலேயே நடந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் டெஸ்ட் ஆட்டம். குமார் சங்கக்கார அடித்த பந்தைத் தாடி வளர்த்த முஸ்லிம் வீரரான ஹஷிம் அம்லா பிடித்தார். வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ், "பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட்" என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். விளம்பர இடைவேளை என்று எண்ணிச் சொன்ன அந்த வார்த்தை தென்னாபிரிக்காவில் ஒலிபரப்பாகிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார், வேலையை இழந்தார். இங்கே கூறப்பட்ட சமாதானம் வேடிக்கை.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் டர்பன் நகரில் பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ப்ராஸ் அகமட், தென்னாபிரிக்காவின் அன்டிலே பெலுக்வாயோவை அவரது நிறத்தைச் சுட்டி உருது மொழியில் ஏதோ சொன்னார். விக்கெட்டின் அருகே இருந்த ஒலிவாங்கி அதை உலகுக்கு எடுத்துச் சென்றது. தம் வார்த்தைகள் அந்த வீரருக்குக் கேட்கவேண்டும் என்றோ விளங்கவேண்டும் என்றோ தாம் கருதவில்லை என்று சர்ப்ராஸ் கூறினார். நேரில் மன்னிப்பும் கேட்டார். நான்கு ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இங்கே கூறப்பட்ட சமாதானம், கேட்டவருக்கு மொழி தெரியாது என்பது.

நான்காவது வழக்கே என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. 2012இல் கொழும்பில் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற மேற்கிந்திய அணியின் தலைவர் டரன் சமி. அவர் ஐ.பி.எல். போட்டிகளில் ஹைதராபாத் அணிக்காக விளையாடிய காலத்தில், அவரையும் நமது திசர பெரேராவையும் சக வீரர்கள் சிலர் 'கலு' என்று அழைப்பார்களாம். வலிமை மிக்க குதிரை என்று அதற்குப் பொருள் என எண்ணிச் சமி மகிழ்ந்திருந்தார். 2020ஆம் ஆண்டிலேதான் அச்சொல்லின் உண்மைப் பொருள் அவருக்குத் தெரியவந்தது. அழைத்தபோதெல்லாம் எழுந்த சிரிப்பின் பொருளும் அன்றுதான் விளங்கிற்று. பிறகு அவ்வீரர்களில் ஒருவரோடு பேசி, அவர் அன்பினாலேயே அப்படி அழைத்தார் என்பதைத் தாம் நம்புவதாகச் சமி கூறினார். இங்கே கூறப்பட்ட சமாதானம் அன்பு.

'கலு' என்றால் கறுப்பு என்பதை, சிங்களம் அறிந்த மலையகத்துச் சிறு பிள்ளையும் சொல்லும். கறுப்பு என்பது தன்னளவில் இழிந்த சொல்லா? இல்லை. நம் தோட்டங்களில் கருப்பையா என்ற பெயரைத் தாங்கிய பாட்டனார்கள் எத்தனை பேர்! காவல் தெய்வத்தின் பெயரைப் பேரனுக்கு இட்ட குடும்பங்கள் எத்தனை! ஆகவே சொல்லை மட்டும் தராசில் வைத்து நிறுக்க இயலாது. அது யார் வாயிலிருந்து, யாரை நோக்கி, எந்த வரலாற்றைச் சுமந்து வருகிறது என்பதையும் சேர்த்தே நிறுக்கவேண்டும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தோட்டமும் காடும் அல்லாது அதில் வேறொன்றும் இல்லை. ஆயினும் அந்தச் சொல் ஒருவனைப் பேருந்தில் எழுந்து நிற்கச் செய்தது. கடையில் கடைசியாகக் கவனிக்கச் செய்தது. பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் உட்காரச் செய்தது. சொல்கிறவர் அந்த வரலாற்றை நினையாமல் சொல்லலாம். கேட்கிறவனோ அதை நினையாமல் கேட்க முடியாது.

நோக்கத்துக்கே முதலிடம் தரவேண்டும் என்போரின் வாதத்தையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. கை தவறிக் கொன்றவனையும் திட்டமிட்டுக் கொன்றவனையும் எந்த நீதிமன்றமும் ஒன்றாக வைப்பதில்லை. நோக்கத்தைப் பாராமல் வார்த்தையை மட்டும் பார்த்தால் அப்பாவிகள் தண்டிக்கப்படுவார்கள் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. 2020ஆம் ஆண்டில் உதைபந்தாட்ட வீரர் எடின்சன் கவானி, தம்மை வாழ்த்திய நண்பருக்குச் சமூக ஊடகத்தில் தம் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் ஒரு செல்லச் சொல்லால் நன்றி கூறினார். உருகுவே நாட்டில் அன்பைக் காட்டும் அச்சொல், இங்கிலாந்தில் நிறவசையாகக் கொள்ளப்பட்டது. அவருக்குத் தீய நோக்கம் இருக்கவில்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் மூன்று ஆட்டத் தடையும் ஒரு இலட்சம் பவுண் அபராதமும் விதிக்கப்பட்டன. என் உள்ளத்தில் இத்தீர்ப்பு இன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அழைத்தவர் நண்பர், அழைக்கப்பட்டவரும் நண்பர், சொல் அவ்விருவரின் மொழிக்குரியது. அங்கே காயப்பட்டவர் யார் என்று கேட்பதில் தவறில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2008ஆம் ஆண்டு சிட்னி டெஸ்டில் ஹர்பஜன் சிங், அன்ட்ரூ சைமண்ட்சைக் குரங்கு என்று இகழ்ந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. தாம் சொன்னது இந்தி மொழியிலான வேறொரு வசை என்றார் ஹர்பஜன். முதலில் விதிக்கப்பட்ட மூன்று டெஸ்ட் தடையை, மேன்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜோன் ஹன்சன் நீக்கினார். இனவசை நிரூபிக்கப்படவில்லை என்றும், சாதாரண வசைக்கு அபராதம் போதும் என்றும் தீர்ப்பளித்தார். நோக்கத்தை அளப்பதற்கு முன்பு, சொன்னது இன்னதென்று நிலைநாட்டவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் என் முடிவு மாறவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கவ்வாத்து வெட்டும் மலையில் ஒருவன் கை தவறிப் பக்கத்திலிருப்பவன் காலை வெட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கங்காணி ஓடி வந்து முதலில் என்ன கேட்பார்? "வேண்டுமென்று வெட்டினாயா?" என்றா? இரத்தத்தை நிறுத்தி, ஆளைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடமாட்டாரா? விசாரணை பிறகு. அந்த விசாரணையில் நோக்கம் அவசியம் பார்க்கப்படும். தண்டனையும் அதற்கேற்பக் கூடும், குறையும். ஆனால் நோக்கம் இல்லை என்பதனால் காலில் காயமே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மைதானத்தில் மட்டும் நாம் அந்தத் தவற்றைச் செய்கிறோம். வெட்டியவனின் மனத்தூய்மையைப் பற்றிப் பேசிப் பேசி, வெட்டுப்பட்டவனை மறந்துவிடுகிறோம்.

எனவே கேள்வி ஒன்றல்ல, இரண்டு. தீங்கு நேர்ந்ததா என்பது முதற்கேள்வி; அதற்கு நோக்கம் விடையாகாது. தீங்கு செய்தவருக்கு எவ்வளவு தண்டனை என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு நோக்கமே தக்க அளவுகோல். சர்வதேச கிறிக்கெட் பேரவையின் இனவெறி எதிர்ப்பு விதிகளும் ஏறக்குறைய இந்த வழியிலேயே செல்கின்றன. அந்த நிலையிலிருக்கும் நியாயமான மனிதர் ஒருவரைப் புண்படுத்தக்கூடிய வார்த்தையா என்றே அவை முதலில் பார்க்கின்றன.

இதை மலையகத்தவனாகிய எனக்குக் கிறிக்கெட் கற்றுத் தரவேண்டியதில்லை. சரித்திரமே கற்றுத் தந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அதில் எங்கள் சமூகத்தின் பெயர் எங்கும் இல்லை. தகப்பன் இந்நாட்டில் பிறந்தவனா, அல்லது பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தவர்களா என்று அமைதியாகக் கேட்கிறது, அவ்வளவுதான். பிறப்பை நிரூபிக்கும் கடதாசி லயன் காம்பராக்களில் எங்கே இருக்கும்? இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின் பின்னரே எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழி திறந்தது. யாரையும் குறித்துச் செய்ததன்று என்ற சமாதானம் சொல்லுக்கும் பொருந்தும், சட்டத்துக்கும் பொருந்தும். காயத்தை அது ஆற்றியதில்லை.

மலையகத்து மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன், 2010இல் காலியில் எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியபோது, எங்கள் தோட்டங்களில் மட்டுமா பட்டாசு வெடித்தது? அவரைத் தமிழினத்தின் பெருமை என்று கொண்டாடிய வாய்களிலேயே 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் குடியிருந்தது. வெற்றி பெற்றவன் நம்மவன். கொழுந்துக் கூடையோடு நிற்பவன் வேறெவனோ! நோக்கமின்றி வரும் சொல்லைக் கண்டு நான் அதிகம் அஞ்சுவது இதனாலேதான். வேண்டுமென்றே திட்டுகிறவன், தான் திட்டுவதை அறிவான். நாளை வெட்கப்படவும் கூடும். நினையாமல் சொல்கிறவனுக்கோ வெட்கப்பட ஒன்றும் தெரிவதில்லை. அந்தச் சொல் அவனுடைய நல்ல மனத்துக்குள்ளேயே பாயை விரித்துப் படுத்திருக்கிறது.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. நம் லயன்களில் சாதியைச் சுட்டும் பட்டப்பெயர்கள் இல்லையா? அயலிலுள்ள சிங்களவரையும் முஸ்லிம்களையும் குறிக்க நாம் நமக்குள் வழங்கும் சொற்கள் எல்லாம் சுத்தமானவையா? "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று நாமும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்!

பரிசளித்த பெரியவர் இன்று இல்லை. அவரை வெறுக்க என்னால் இயலவில்லை. அவருக்குத் தண்டனை வேண்டும் என்றும் நான் நினைத்ததில்லை. யாராவது ஒருவர் அருகில் போய், "ஐயா, அந்தச் சொல் பையனுக்கு வலிக்கும்" என்று மெதுவாகச் சொல்லியிருந்தால், அந்த நல்ல மனிதர் அக்கணமே பையனின் தோளைப் பற்றி வருத்தம் தெரிவித்திருப்பார். அதுவும் எனக்கு நிச்சயம். சொல்லியிருக்க வேண்டியவன் அவருக்கு மூன்றடி தூரத்தில்தான் நின்றான். கைதட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கும் தீய நோக்கம் இருக்கவில்லை.