டினேரிஸுக்கு வக்காலத்து

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களையும் அவற்றிலிருந்து உருவான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரையும் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது: டினேரிஸ் அடிமைகளை விடுவித்தவள், ஆகவே அவளுடைய படையெடுப்பை ஏகாதிபத்தியம் என்பது தகாது. 2019 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில், சரணடைந்துவிட்ட தலைநகரை அவள் எரித்தபோது கதாசிரியர்கள் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதித்தவர்களும் இவர்களே. கடைசிப் பருவம் அவசரத்தில் எழுதப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எரித்தது அவள் இயல்புக்கு மாறானது என்பதை எப்படி ஏற்பது?

2000இல் வெளிவந்த மூன்றாம் நாவலைத் திறந்து பாருங்கள். அஸ்டபோரில் அடிமைப்படையை வாங்கிய கையோடு, எஜமானர்களைக் கொல்ல ஆணையிடுகிறாள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே விலக்கு. அதைக் கருணை என்று சிலாகிப்பவர்கள் பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி யோசிப்பதில்லை. பிறகு மூவர் குழுவொன்றிடம் நகரை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். கசாப்புக்காரன் ஒருவன் அக்குழுவைக் கவிழ்த்து அரசனாகி, உயர்குடிச் சிறுவர்களைப் புதிய அடிமைப்படைக்குப் பழக்குகிறான். மீரீனிலோ, அறையப்பட்ட 163 குழந்தைகளுக்கு 163 எஜமானர்கள். கணக்குத்தான் நேரானது, விசாரணை கிடையாது. குழந்தைகளை அறைவதை எதிர்த்த ஒருவரும் அந்த வரிசையில் அறையப்பட்டார் என்பதை அவருடைய மகன் வாயிலாகத் தொடரே சொல்கிறது.

இவற்றையெல்லாம் விடுதலையின் விலை என்றே கொள்வோம். வெஸ்டரோஸில் அடிமைமுறையே இல்லையே! அங்கே அவள் யாரை விடுவிக்கப் போகிறாள்? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மூதாதையர் டிராகன்களைக் கொண்டு பிடித்த நாடு என்பதைத் தவிர அவளுக்கு வேறு உரிமைப் பத்திரம் இல்லை. எளிய மக்கள் மழைக்கும் நோயற்ற பிள்ளைகளுக்கும்தான் வேண்டுகிறார்கள், அரியணையில் யார் அமர்கிறார் என்பதற்கல்ல என்று முதல் நாவலிலேயே ஜோரா அவளிடம் சொல்லிவிடுகிறான்.

அடிமை ஒழிப்பைச் சொல்லி நிலம் பிடிப்பது மார்ட்டினின் கற்பனையும் அல்ல. அரபு அடிமை வணிகத்தை ஒழிப்பதாகச் சொல்லித்தான் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். பிறகு ரப்பருக்காக அங்கே கைகள் வெட்டப்பட்டன. அன்றைய ஐரோப்பாவில் அவரை மனிதநேயர் என்று கொண்டாடியவர்களுக்கும் நம் ரசிகர்களுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்கும் இதே கதிதான். 1965இல் வந்த ‘டியூன்’ நாயகன் பாலை வாசகர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். 1969இல் அடுத்த நாவலில், தன் பெயரால் 6,100 கோடிப் பேர் கொல்லப்பட்டதை பாலே கணக்கிட்டுச் சொல்கிறான். அப்போதும் வக்காலத்து ஓயவில்லை: எதிர்காலத்தைக் கண்டவன் அவன், மற்ற பாதைகள் இதைவிடக் கொடியவையாம். அந்தப் பாதைகளைக் கண்ட சாட்சி யார்? அவனேதான்.

‘கதைதானே’ என்று கடைசியில் ஒரு பதில் வரும். செர்சி ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது இவர்களில் எவரும் அப்படிச் சொல்லவில்லை. அதைப் படுகொலை என்றுதான் சொன்னார்கள்.