கண்ணாடி மாட்டி மாங்காய் பறிக்கிறதும், திண்ணையில மல்லாட்டை உரிக்கிறதும்

போன வாரம் சென்னையில இருக்கிற சித்தப்பா மகன் வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ அனுப்பினான். வாதம் வந்த ஒரு தாத்தா, கண்ணை மறைக்கிற பெரிய கண்ணாடியை மாட்டிக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருக்கார். கை மட்டும் காத்துல எதையோ பறிக்குது. அவர் கண்ணுக்கு அங்க ஒரு மாமரம் தெரியுதாம். பறிச்சு கூடையில போட்டா மதிப்பெண். விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமா விஆர்.

"அண்ணே, பெரியப்பாவுக்கு இதை வாங்கிடலாமா? எவ்வளவு ஆனாலும் நான் தரேன்"னு கேட்டான். அவன் பாசத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா உடனே சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

பெரியப்பாவுக்கு ஐப்பசியில வாதம் அடிச்சது. காலையில எழுந்து மாட்டுக்கிட்ட போனவர் அங்கேயே சாஞ்சுட்டார். வாய் கோணி, பேச்சு குழறி, வலது கை, கால் ரெண்டும் விழுந்துடுச்சு. புறா ரத்தம் பூசினா சரியாகும்னு யாரோ சொல்ல, அதுக்கு அலைஞ்சதுல பாதி நாள் போச்சு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். மூளையில ரத்தக்குழாய் அடைச்ச வாதம்னா, கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அது எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அந்தத் தப்பு எங்களோடது. வானூர்ல இருந்து பாண்டிச்சேரி கூப்பிடு தூரம். 108க்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதும்.

உயிர் தப்பிச்சார். அதுக்கப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிச்சது.

மூளையில செத்த பகுதி திரும்பி வராது. ஆனா பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கத்துக்கும். மடை அடைச்சா தண்ணி வேற வழி தேடுற மாதிரி. அந்த வழி உண்டாகணும்னா ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யணும். 2009ல அமெரிக்காவில வந்த ஓர் ஆய்வுல, பயிற்சி நேரத்துல நோயாளி கையை எத்தனை தடவை வேலைக்குப் பயன்படுத்துறார்னு எண்ணிப் பார்த்தாங்க. சராசரி வெறும் 32. விலங்குகளை வச்சுச் செஞ்ச சோதனைகள்ல மூளை மாறுறதுக்கு நூற்றுக்கணக்கான தடவை தேவைப்பட்டிருக்கு. மனுஷன் 32லயே சலிச்சுப் போறான். விஆர் ஜெயிக்கிற இடம் இதுதான். விளையாட்டுன்னு நினைச்சா இருநூறு தடவை கூட கையை நீட்டுவான். அதனால இது வெறும் பகட்டு இல்ல. அதுல விஷயம் இருக்கு.

ஆனா எவ்வளவு விஷயம்? 2017ல காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளை, மொத்தம் 2,470 நோயாளிகளை, ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தது. கை செயல்பாட்டுல வழக்கமான பயிற்சியை விட விஆர் மேல்னு சொல்ல முடியல. வழக்கமான பயிற்சியோட கூடுதலா சேர்த்தா பலன் இருக்கலாம்னு சொன்னாங்க. அதாவது சாதத்துக்குப் பதில் ஆகாது, குழம்பா வச்சுக்கலாம்.

அதுக்கு முந்தின வருஷம் கனடா மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில நாலு நாடுகள்ல நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். 141 பேர். பாதிப் பேருக்கு வீ வீடியோ கேம். மீதிப் பேருக்குச் சீட்டாட்டம், பந்து, மரக்கட்டை அடுக்கி உருவுற ஆட்டம் மாதிரி சாதாரண விளையாட்டு. ரெண்டு பக்கமும் முன்னேற்றம் ஒரே மாதிரி!

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உரிச்சுக்கிட்டிருந்தோம் (உங்க ஊர் வேர்க்கடலைதான்). பெரியப்பா சும்மா பார்த்துக்கிட்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பொண்ணுதான் "தாத்தா, நீங்களும் உரிங்க"ன்னு ஒரு கைப்பிடி அள்ளி மடியில போட்டுச்சு. முதல் நாள் மூணு காய். பருப்போட தோல் உரிஞ்சா விதைக்கு ஆகாது, அதனால அவர் உரிச்சதெல்லாம் சட்னிக்குப் போச்சு. "என்னடா, என் வேலை சட்னிக்குத்தானா?"ன்னு அவருக்கு ரோஷம். தை பிறக்கறதுக்குள்ள அவர் உரிச்ச பருப்பும் விதைக்கூடைக்கு வந்துடுச்சு. அந்த ரோஷத்தை எந்தக் கண்ணாடி கொடுக்கும்?

இதைப் படிச்சுட்டு, 'அப்போ குடும்பமே பார்த்துக்கலாம், செலவில்லை'ன்னு நினைச்சுடாதீங்க. அதுவும் பொய். அட்டெண்ட் என்ற ஆய்வு நம்ம இந்தியாவிலயே 14 ஆஸ்பத்திரிகள்ல 1,250 பேரை வச்சு நடந்து 2017ல வெளியாச்சு. வீட்டுக்காரங்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அவங்களையே செய்ய விட்டாங்க. பெருசா பலன் இல்ல. எங்க வீட்டுலயே பார்த்தேன். பெரியப்பாவைத் தூக்கும்போது நான் விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தேன். அப்படி இழுத்தா தோள்மூட்டு போயிடும்னு அந்தப் பொண்ணு திட்டினப்புறம்தான் தெரிஞ்சது. மல்லாட்டையை மடியில போடணும்னு சொன்னதும் அதுதானே? நாங்களா யோசிக்கல.

ஆக, நடுவுல ஓர் ஆள் வேணும். படிச்ச ஆள், வாரா வாரம் வர்ற ஆள். 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024ல ஐ.நா. விருதும் வாங்கிச்சு. நல்ல திட்டம்னுதான் சொல்றேன், அதனாலதான் இன்னும் கேக்கறேன். ஒரு வட்டாரம்னா எத்தனை ஊர், எத்தனை தெரு? ஒண்ணு ரெண்டு பேர் வண்டியில சுத்தி எத்தனை வாசல் ஏற முடியும்? வாதத்துக்கு மாசம் ஒரு தடவை பயிற்சிங்கறது நாத்துக்கு மாசம் ஒரு தண்ணி விடுற மாதிரி.

மெஷினே வேணாம்னு சொல்லல. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து பிளூட்டோன்னு கைப் பயிற்சிக்கு ஒரு சின்ன ரோபோ செஞ்சிருக்காங்க. திரையில விளையாடிக்கிட்டே மணிக்கட்டையும் விரலையும் பழக்கும். அந்த மாதிரி ஒண்ணு வட்டார ஆஸ்பத்திரியில, கத்துக் கொடுக்க ஆளோட இருந்தா, நூறு குடும்பத்துக்கு ஆகும். என் பெரியப்பா வீட்டுல மட்டும் ஒரு கண்ணாடி வாங்கி வச்சா, ரெண்டாவது வாரம் பீரோ மேல ஏறிடும். சார்ஜ் போடக்கூட ஆள் இருக்காது.

தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். அந்தக் காசுல வாரம் ரெண்டு நாள் கூடுதலா பிசியோ வர ஏற்பாடு பண்ணுடா. அப்புறம் ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போட்டு, "இன்னைக்கு எத்தனை காய் பெரியப்பா?"ன்னு கேளு.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் அதேதான். ஊர்ல அப்பா அம்மா இருந்தா, வாய் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா உடனே 108னு இன்னைக்கே சொல்லி வைங்க. புறாவைத் தேடி யாரும் போக வேணாம்.

போன ஞாயித்துக்கிழமை தம்பி கேட்டான். பெரியப்பா சொன்னது: "எண்ணலடா. ஒரு படி இருக்கும்."