துருவத்துக்கு நாம் விட்ட தூது

அண்மையில் பந்தல்குடியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கூடியிருந்தோம். துருவக் கடற்பறவைகளின் உடலில் பூச்சிக்கொல்லி நஞ்சு சேர்வதைப் பற்றி எங்களில் ஒருவர் கட்டுரை வாசித்தார். வாசித்து முடித்ததும் எழுந்த முதல் குரல் இது: "ஏய்யா, இங்க கம்மாயில தண்ணி இல்ல, பருத்திக்கு வெல இல்ல. பனிக்கடல்ல ஏதோ ஒரு பறவ சாகுறதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் பேசாதிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பையும் அந்த மௌனத்தையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம். கேட்டவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. கரிசலில் பருத்தி விதைத்து நொந்துபோன குடும்பத்தில் பிறந்தவர் அவர்; கேட்பதற்கு உரிமை உள்ளவர். ஆனால் கேள்விக்கு விடை உண்டு. சம்பந்தம் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவனுக்கு உள்ள சம்பந்தமாக அது இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அனுப்பி வைத்தவனுக்கு உள்ள சம்பந்தம் அது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். அன்டார்க்டிகாவின் அடேலி பென்குயின்களின் உடலில் டி.டி.டி. இருப்பது 1966இலேயே வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண்டத்தில் வயல் கிடையாது, கொசு ஒழிப்புப் பணியாளர் கிடையாது. நாற்பதாண்டுகள் கழித்து, உலகின் பெரும்பகுதி டி.டி.டி.யைக் கைவிட்ட பிறகு, மீண்டும் அதே இனப் பறவைகளைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி நஞ்சின் அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பழைய பனியில் உறைந்து கிடந்த டி.டி.டி., பனியாறுகள் உருகும்போது ஆண்டுக்கு 1 முதல் 4 கிலோ வரை கடலில் கலப்பதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் வட்டி கட்டுவதைப் போன்றது இது.

வடதுருவத்தின் கதை இன்னும் கொடியது. கனடாவின் டெவன் தீவில் கேப் வேரா என்ற செங்குத்துப் பாறையில் ஃபுல்மர் என்னும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. கடலில் இரைதேடி வந்து பாறையில் எச்சமிடுகின்றன. அந்த எச்சம் வழிந்து சேரும் குட்டைகளில், எச்சம் சேராத குட்டைகளைவிட 60 மடங்குவரை அதிகமாக டி.டி.டி. இருப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். நஞ்சை உண்ட பறவையே அதைக் கரைக்குச் சுமந்துவந்து கொட்டுகிறது.

இந்த நஞ்சு அங்கே எப்படிப் போனது? டி.டி.டி., எச்.சி.எச்., எண்டோசல்ஃபான் போன்றவை எளிதில் சிதைவதில்லை. வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போகின்றன. குளிர்ந்த இடத்தில் படிகின்றன. வெப்பம் ஏறினால் மீண்டும் எழுகின்றன. இப்படித் தத்தித் தத்தி, இனி எழ முடியாத குளிர்ப் பிரதேசத்தில் போய்த் தங்கிவிடுகின்றன. இவை நீரில் கரைவது அரிது, கொழுப்பில் கரைவது எளிது. குளிர்க்கடலின் உயிர்களோ கொழுப்பால் வாழ்பவை. பாசியைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் பறவை என்று ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போகிறது. படியின் உச்சியில் இருப்பவருக்கே பெரும்பங்கு. பறவையையும் சீலையும் உண்டு வாழும் இனுவிட் தாய்மாரின் பாலில், தெற்குக் கனடாவின் தாய்மாருடையதைவிடப் பல மடங்கு அதிகமாக இத்தகைய நஞ்சுகள் இருப்பது 1980களின் இறுதியில் தெரியவந்தது.

இந்தப் பயணத்தின் தொடக்கப் புள்ளி எங்கே என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். பரங்கிப்பேட்டைக்குப் போனால் போதும். 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகை நெல்வயல்களில் தெளித்த எச்.சி.எச்.—நம் ஊரில் பி.எச்.சி. பவுடர் என்று அறியப்பட்டது—எங்கே போகிறது என்று தொடர்ந்து சென்று பார்த்தார்கள். ஆற்றோடு கடலுக்குப் போனது மிகச் சொற்பம். ஏறத்தாழ முழுவதும் நம் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்திருந்தது. நெல்வயலில் நடந்தது, அதைவிடக் கடுமையான வெயில் காயும் பருத்திக்காட்டில் நடக்காமலா இருந்திருக்கும்? உலகில் எச்.சி.எச்.ஐ மிக அதிகமாகக் கொட்டிய நாடுகளுள் இந்தியாவும் சீனாவும் முன்னின்றன. 1983இல் சீனா நிறுத்தியது. 1990களில் நாம் குறைத்து, 1997இல் தடைசெய்தோம். இந்த இரு கட்டங்களையும் ஒட்டி வடதுருவக் காற்றில் அந்த நஞ்சின் அளவு இறங்கியது. நம் கை செய்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா? நம் கை நின்றால் அங்கே குறையும் என்பதற்கும் அதுவே சாட்சி. 'நாம என்ன செய்ய முடியும்' என்ற பெருமூச்சை இனி யாரும் எங்கள் முன் விடவேண்டாம்.

பந்தல்குடியைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். பறவை முட்டையின் ஓடும் அதே சுண்ணாம்புப் பொருளால் ஆனதுதான். டி.டி.டி. உடலில் திரிந்து டி.டி.ஈ. ஆகிறது, அது தாய்ப்பறவையின் உடலிலிருந்து முட்டைக்குச் சுண்ணாம்பு சேர்வதைத் தடுக்கிறது. ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் கனத்திலேயே முட்டை நொறுங்குகிறது. பிரிட்டனின் பைரி வல்லூறுகளைக் கொண்டு டெரெக் ராட்கிளிஃப் இந்த ஓட்டு மெலிவை 1967இல் வெளிப்படுத்தினார். சுண்ணாம்பு மண்ணில் பிறந்த நமக்கு இந்தச் செய்தி கொஞ்சமாவது உறைக்கவேண்டும்.

நம்மிடம் மூன்று சாக்குகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சாக்கு: இது வெள்ளைக்காரன் செய்த பாவம், அவனே சுமக்கட்டும். பாதி உண்மை. கண்டுபிடித்தவனும் விற்றவனும் அவனே. ஆனால் 1954இல் டி.டி.டி. தயாரிப்பதற்கென்றே இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனத்தை நாம் தொடங்கினோம். 1989இல் விவசாயத்தில் டி.டி.டி.க்குத் தடை வந்த பிறகும் கொசு ஒழிப்புக்கென உற்பத்தி தொடர்ந்தது. 2010களின் பிற்பகுதியில் உலகில் டி.டி.டி. தயாரித்த ஒரே நாடாக நாம் எஞ்சி நின்றோம். மலேரியாவிலிருந்து அது காத்த உயிர்களை நாங்கள் மறுக்கவில்லை. வீட்டுக்குள் மருந்தடித்துச் சுவரில் தேதி எழுதிப்போன பணியாளரை நன்றியோடே நினைக்கிறோம். ஆனால் ஒரு வீட்டுச் சுவருக்கு என்று கொடுத்த அனுமதியைக் கொண்டு ஒரு கண்டத்து வயலுக்குக் கணக்கு முடிக்க முடியாது.

இரண்டாவது சாக்கு: தடை கேட்பவர்கள் அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையாட்கள். எண்டோசல்ஃபான் விவகாரத்தில் இந்தப் பேச்சு ஓங்கி ஒலித்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மீது ஹெலிகாப்டரிலிருந்து ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்டு, பிள்ளைகள் முடங்கிக் கிடந்த காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக் கூட்டங்களில் நம் நாட்டுப் பிரதிநிதிகள் தடையை எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் விலக்குகளோடு அது தடைப் பட்டியலில் ஏறியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இங்கே தடை விதித்தது. காசர்கோட்டுத் தாய் எந்தக் கம்பெனியின் கையாள் என்று யாராவது எங்களுக்குச் சொல்லட்டும்.

மூன்றாவது சாக்கு கனமானது: மருந்து இல்லாவிட்டால் விவசாயி செத்துப்போவான். மருந்து இருந்தும் செத்தான் என்பதை என்ன செய்வது? தெளிக்கத் தெளிக்கப் பச்சைப்புழு மருந்துக்குப் பழகிப்போனது; மருந்துக்கடைக் கடன் ஏறியது. 1997-98இல் வாரங்கல் பருத்தி விவசாயிகள் பலர் புழுவைக் கொல்லாத அதே மருந்தைத் தாங்கள் குடித்து மாண்டார்கள். கரிசல் சம்சாரி எங்கள் வழக்கில் குற்றவாளி அல்லர். முகமூடியும் கையுறையும் இன்றித் தெளிப்பானை முதுகில் சுமந்தவர் அவர். பென்குயினுக்கு முன்பே நஞ்சு ஏறியது அவருடைய உடலில்தான். அவரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பேசுபவர்களே குற்றவாளிகள்.

இது முடிந்துபோன பழங்கதையும் அல்ல. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி வடதுருவப் பனியிலும் ஏரிப் படிவுகளிலும் காணப்பட்டது. 2020 மே மாதத்தில் மத்திய அரசு தடைசெய்ய முன்மொழிந்த 27 மருந்துகளில் அதுவும் ஒன்று. 2023இல் முழுத்தடை வந்தது நான்கே மருந்துகளுக்கு. குளோர்பைரிபாஸ் சில பயிர்களில் மட்டும் விலக்கப்பட்டுத் தப்பித்தது. 2025இல் அதை ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்க்க முயன்றபோது நம் தரப்பு மீண்டும் எதிர்த்தது. விலக்குகளோடுதான் அது பட்டியலில் ஏறியது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இதே நாடகம்: முதலில் மறுப்பு, பிறகு அவகாசம், பிறகு விலக்கு, கடைசியில் தடை. அதற்குள் இரண்டு தலைமுறைப் பறவைகளின் கொழுப்பில் அது குடியேறிவிடும்.

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. நஞ்சை 'மருந்து' என்று அழைக்கும் மொழி நம்முடையது. பயிருக்கு மருந்தடித்தான் என்கிறோம். மனம் நொந்தவன் மருந்தைக் குடித்துவிட்டான் என்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலையும் செய்வதைக் கண்டு இத்தனை காலம் எழுத்தாளர்களாகிய நாம் திடுக்கிடவில்லை என்பதே ஒரு குற்றச்சாட்டு. மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்டார். அந்தத் தனிப்பாடலை மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். பந்தல்குடியிலிருந்து அதே தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே போனால் தூத்துக்குடி உப்பளங்கள். குளிர்காலத்தில் அங்கே சேற்றைக் கிளறும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியத் துருவ நிலத்தில் முட்டையிட்டுப் பொரித்து வந்தவை. தென்னிந்தியாவில் தங்கிவாழும் பறவைகளின் உடலிலும் இங்கே வந்துபோகும் வலசைப் பறவைகளின் உடலிலும் எச்.சி.எச்., டி.டி.டி. எச்சங்கள் இருப்பதைப் பரங்கிப்பேட்டை–எஹிமே ஆய்வுகள் 1990களில் காட்டின. நாமும் தூது விட்டிருக்கிறோம். என்ன எழுதி விட்டோம் என்பதுதான் வேறு.

மலையாளத்தில் அம்பிகாசுதன் மாங்காடு எண்டோசல்ஃபானை வைத்து 'என்மகஜே' நாவலை எழுதினார். கரிசல் இலக்கியம் மழையை எழுதியது, வறட்சியை எழுதியது, பசியை எழுதியது. முதுகில் தொங்கிய தெளிப்பானின் முழுக்கதையை எழுதும் கடன் அதற்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் கேட்பவை மிகையானவை அல்ல. ஒரு வேதிப்பொருள் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவனுடையதாக இருக்கட்டும். தீங்கானது என்று நிரூபிக்கப் பறவையும் குழந்தையும் செத்துக் காட்டவேண்டியதில்லை. நஞ்சைக் குறைத்து விளைவிக்கும் பருத்திக்கு அரசு உறுதியான விலை தரட்டும். 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் பறவைகளை எண்ணுவதோடு நில்லாமல், பொரிக்காமல் கிடக்கும் முட்டைகளையும் தொடர்ந்து சோதிக்கட்டும். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தைகளின்போது தலைவரின் மேசைமீது இனுவிட் மக்கள் அளித்த சிறு கற்சிற்பம் ஒன்று இருந்தது: ஒரு தாயும் சேயும். அடுத்த கூட்டத்துக்குப் போகும் நம் பிரதிநிதிகள், பருத்திக்காட்டில் தெளிப்பானோடு நிற்கும் ஒரு பந்தல்குடிச் சம்சாரியின் படத்தையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கட்டும். இருவரும் ஒரே கட்சிக்காரர்கள்.

மொட்டைமாடியில் கேட்ட நண்பருக்கு அன்று நாங்கள் விடை சொல்லவில்லை. இதுவே எங்கள் விடை. கம்மாயில் தண்ணீர் வேண்டும், பருத்திக்கு விலை வேண்டும் என்று நீங்கள் எழுப்பும் குரலில் எங்கள் குரலும் சேரும். பனிக்கடல் பறவைக்காக எழும் குரலைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள்.