பண்டிகைக்குக் கூலி உண்டு. கொள்ளை நோய்க்கு இல்லையா?

கொள்ளை நோய் வந்தால், "வீட்டை விட்டு வெளியே வராதே" என்று சர்க்கார் உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவுதான். ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குத் தொற்றும் நோய்க்கு விலகி இருப்பதே காப்பு என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெளியே வராதவன் எதைத் தின்பது, நோய் தீர்ந்து திரும்பிப் போனால் அவன் வேலை அவனுக்கு இருக்குமா என்று கேட்டால், அதற்கு மாத்திரம் உத்தரவைக் காணோம்!

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைத் தறித் தோழர்களுக்கும், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒப்பந்தக்காரனுக்குக் கீழ் உழைக்கும் தோழர்களுக்கும் இதை நாம் விளக்கத் தேவையில்லை. 2020ஆம் வருஷம் மார்ச்சு 25ந் தேதி ஊர் அடங்கியபோது தறியும் அடங்கிற்று. தறி ஓடினால் கூலி, நின்றால் பட்டினி. நூல் கொடுக்கிறவரைப் போய்க் கேட்டால், "நான் பாவு கொடுத்தேன், நீ துணி கொடுத்தாய், உனக்கும் எனக்கும் அவ்வளவுதான்" என்பார். ஆலைக்காரரைக் கேட்டால் ஒப்பந்தக்காரனைக் காட்டுவார். ஒப்பந்தக்காரனோ டெலிபோனையே எடுக்கமாட்டான்.

அப்போது நம்மை ஆளுகிறவர்கள் செய்தது என்ன? மார்ச்சு 22ந் தேதி மாலை 5 மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். தட்டையும் தட்டினோம், தட்டில் சோறு மாத்திரம் இல்லை. மார்ச்சு 29ந் தேதி ஒரு உத்தரவு வந்தது உண்மைதான். மூடிக்கிடக்கும் காலத்துக்கும் முதலாளிகள் பிடித்தமின்றிக் கூலி கொடுக்கவேண்டும் என்றது அது. அதன் ஆயுசு 50 நாள்! மே 18ந் தேதி முதல் அது இல்லாமல் போயிற்று. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள்மேல் கடும் நடவடிக்கை கூடாது, இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12ந் தேதி கோர்ட்டு சொல்லிற்று. வயிறு காய்ந்தவனும் கல்லாப் பெட்டிக்காரனும் சமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்!

இந்த உத்தரவுகளுக்குத் துணை நின்ற பழைய சட்டம் ஒன்று உண்டு. பம்பாயில் பிளேக் வந்தபோது, 1897இல், வெள்ளைக்காரன் செய்த தொற்று நோய்ச் சட்டம். செய்தபோது அதில் மொத்தமே நான்கு பிரிவு. உத்தரவு போட சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது, மீறினவனுக்குத் தண்டனை சொன்னது, உத்தரவை நிறைவேற்றும் அதிகாரிமேல் வழக்குப் போடமுடியாதபடி காத்தது. அதிகாரிக்குக் காப்புத் தேட முடிந்த சட்டத்துக்குத் தொழிலாளியின் வேலைக்குக் காப்புத் தேட 123 வருஷம் போதவில்லை.

சர்க்கார்தான் இப்படி, சாமி எப்படி என்று பார்ப்போம். பள்ளிப்பட்டிலிருந்து நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி. அந்த வெங்கடாசலபதி 2020 மார்ச்சு 20ந் தேதியே பக்தர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார். வியாதிக்கு அவரும் பயந்தார் போலும்! தங்கும் விடுதிகளைக் கூட்டித் துடைத்த 1,300 ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் ஏப்ரல் 30ந் தேதி முடிந்ததென்று, மே 1ந் தேதி முதல், அதாவது தொழிலாளர் தினத்தன்று, வேலையில்லை என்று தேவஸ்தானம் கைவிரித்தது. ஊர் சிரித்துக் கூச்சல் போட்ட பிறகே திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த 1,300 பேரைக் காத்தது கோவிந்த நாமமா, ஜனங்களின் கூச்சலா?

நம் நாட்டில் 1958இல் ஒரு சட்டம் செய்தார்கள். தேசிய நாட்களுக்கும் பண்டிகை நாட்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்குக் கூலியோடு விடுமுறை தரவேண்டும் என்று. சாமி பிறந்த நாளுக்குக் கூலியோடு ரஜா கொடுத்தால் எந்த ஆலையும் திவாலாகவில்லை. அடுத்தவனுக்கு நோய் தொற்றக்கூடாதென்று ஒருவன் 14 நாள் அறைக்குள் அடைந்துகிடந்தால் மாத்திரம் திவாலாகி விடுமா?

"பணம் எங்கிருந்து வரும்?" என்பார்கள். வழி புதிதல்ல. 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டம் அந்த வழியைத்தான் காட்டிற்று. 2019 ஜூலை முதல் 100 ரூபாய்ச் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் கட்ட, 2020இல் நோயாளிக்கு வருஷத்தில் 91 நாள் வரை 100க்கு 70 வீதம் கிடைக்க இடமிருந்தது. அந்தப் பணம் வாங்கும் நாளில் அவனை வேலையை விட்டு நீக்கக்கூடாதென்றும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் 10 பேருக்குக் குறைந்த தறிக்கூடத்துக்கு அது எட்டவில்லை. பதிவேட்டில் பேர் ஏறாதவனுக்கும் எட்டவில்லை.

எட்டினவன்தான் என்ன செய்கிறான்? சின்னம்மை கண்டால், "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வேப்பிலையைச் செருகிக்கொண்டு படுத்துவிடுகிறான். டாக்டரிடம் போவது தெய்வக் குற்றமாம். டாக்டரிடம் போகாவிட்டால் அத்தாட்சி இல்லை, அத்தாட்சி இல்லாவிட்டால் பணமில்லை. பத்து நாள் கூலிக்கு மாரியம்மனிடமா கையெழுத்து வாங்குவது? பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்ததே, அது கூழ் ஊற்றி ஒழிந்ததா, ஊசி குத்தி ஒழிந்ததா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. குஜராத் சர்க்கார் நோயைச் சாக்கிட்டு, ஆலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று உத்தரவு போட்டது. தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 2020 அக்டோபர் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்து, மிகை நேரக் கூலியையும் கொடுக்கச் சொல்லிற்று. அங்கே யாரும் மண்சோறு தின்னவில்லை, சந்தாக் கட்டிச் சங்கம் வைத்திருந்தார்கள்.

ஆகவே, அடுத்த முறை கூலி ஒப்பந்தம் பேசப் போகும் தறித் தோழர்கள், முழத்துக்கு எத்தனை காசு என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொருவன் பேரும் ஏட்டில் ஏறவேண்டும், சர்க்கார் அடைந்துகிடக்கச் சொன்ன நாளுக்குக் கூலி வேண்டும், திரும்பி வந்தவனுக்கு அதே தறி வேண்டும் என்று மூன்றையும் எழுத்தில் கேட்கட்டும். கும்மிடிப்பூண்டித் தோழர்கள் ஒப்பந்தக்காரனிடமல்ல, ஆலைக்காரரிடமே கேட்கட்டும். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால், அந்தக் கடவுள் மாதச் சம்பளப் பட்டியலில் எந்தத் தேதியில் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டுக்கொண்டு வரட்டும்.